மாணவர் பேரவையும் தீவிரர் மேடையும்

கலாசாலை ஒவ்வொன்றிலும் மாணாக்கர்க்கென ஒரு பேரவை உண்டு. பேரவைக்கு ஒரு மண்டபமும், மண்டபத்திற்கு ஒரு மேடையும், மேடைமீது ஒரு மேசையும் சில நாற்காலிகளும் உண்டு. காண்பதற்கு இவை எளிய பொருள்களே. ஆயினும், அந்நாற்காலியில் இன்னாரை இருத்தலாம், இன்னாரை இருத்தலாகாது என்னும் வழக்கு எழுந்துவிடின், நேற்றுவரை ஒரே பந்தியில் இருந்து உண்டவர் இன்று இரு கட்சியாய்ப் பிரிந்து நிற்பர். நம் பேரவையில் சென்ற பருவத்தில் இவ்வழக்கு எழுந்தமையை அன்பர் பலரும் அறிவர். சாதிச் சங்கம் ஒன்றன் இளைஞரணிப் பேச்சாளர் ஒருவரை அழைத்தல் வேண்டும் எனச் சிலர் விண்ணப்பித்தனர். அவர் வருவாராயின் யாம் மண்டபத்துள் கால் வையோம் என வேறு சிலர் தாளில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டினர். செயற்குழு மூன்று மாலை கூடிற்று. மூன்று மாலையும் தேநீர் செலவாயிற்றேயன்றி முடிவு ஒன்றும் பிறந்திலது. இறுதியில் பருவத்தேர்வு வந்து வழக்கை ஒருவாறு தீர்த்து வைத்தது. தேர்வு தீர்த்த வழக்கு மீண்டும் தலையெடுக்கும் ஆதலின், தீவிரக் கொள்கையுடைய குழுவினர்க்குக் கலாசாலை மேடையை மறுத்தல் மாணவர் பேரவைக்குத் தகுமோ என்பதனை ஈண்டு ஒருசிறிது ஆராயப் புகுந்தோம்.

ஒன்றை முதற்கண் கூறிவிடுதல் நேர்மையாகும். இவ்வினாவை நாம் வெளியே நின்று நோக்குவேம் அல்லேம். எம் ஊர் பழனி. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் காவடி சுமந்து வருவோர் அடிவாரத்தை நிறைக்கும் நாளில், சண்முக நதியில் அருகருகே நின்று நீராடுவோர் ஒருவரையொருவர் இன்ன சாதி என வினவக் கண்டிலோம். கிறித்தவ வீட்டுப் பிள்ளைகளாகிய நாமும் அக்கூட்டத்தைத் தெருவோரம் நின்று கண்டு, பஞ்சாமிர்தம் வாங்கி உண்டு வளர்ந்தவர்களே. ஆனால், அவ்வூர்ப் பெண்ணொருவர் சாதி கடந்து மணந்தமையால், அவர்தம் கணவராகிய பொறியியல் மாணவர் சங்கர், 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13ஆம் நாள் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில் வெட்டுண்டு மாண்டார். கண்காணிப்புக் கருவியில் பதிந்த அக்கொடுமையை நாடு முழுதும் கண்டது. அந்நாளில் நாம் சிறு பிள்ளை. பெரியோர் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசியது மட்டும் நினைவில் நிற்கின்றது.

பின்னர் நாம் பயின்ற மேனிலைப்பள்ளியில், அதன் பெயர் வேண்டா, மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறங்கண்டே இன்னார் இன்ன சாதியர் என அறிந்து அமரும் வழக்கம் இருந்தது. நம் அருகே அமர்ந்திருந்த தோழன் ஒருவன் பத்தாம் வகுப்பில் கயிறு கட்டிக்கொண்டான். ஊரில் நடந்த ஒரு கூட்டத்திற்குச் சென்று வந்த மறுநாள் அது நிகழ்ந்தது. அன்றுமுதல் அவன் எம் வீட்டுச் சோற்றை உண்டிலன். பேச்சுத்தானே, பேசிவிட்டுப் போகட்டும் என்பாரை நோக்கி, ஒரு மாலைப் பேச்சு மறுநாள் காலையில் கயிறாகக் கூடும் என்று கூற வேண்டிய கடப்பாடு ஆதலின் நமக்கு உண்டு. இத்துணையும் அறிந்திருந்தும், மறுத்தலே முறை என்று உடனே முடிவு கட்ட நமக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, தீவிரர் என்பார் யாவர்? 1907ஆம் ஆண்டு சூரத்துக் காங்கிரசு மகாசபை இரண்டாகப் பிளந்தபோது, ஒருசாரார் மிதவாதியர் என்றும் மற்றொருசாரார் தீவிரவாதியர் என்றும் பெயர் பெற்றனர். நம் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய பாரதியாரும் நின்றது இரண்டாவது அணியில். மறு ஆண்டே பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். அவர்தம் மேடைப்பேச்சே அவர்க்கு எதிரான சான்றாயிற்று. அக்காலத்துக் கலாசாலைத் தலைவர் ஒருவர் அவரைத் தம் மண்டபத்துள் விட்டிருப்பாரோ என எண்ணிப் பார்க்க. இன்று கலாசாலைகள் அவர் பிறந்தநாளைக் கொண்டாடுகின்றன. ஆகவே அப்பெயர் சூட்டுவோர் கையில் உள்ள அதிகாரத்தையே பெரும்பாலும் காட்டுகின்றது. சூட்டப்பெற்றவரது தன்மையைக் காட்டுவது சிலவிடத்தே. இதனால் தீவிரர் என ஒருவரும் இலர் என்று கொள்ளற்க. உளர், ஆயின் அச்சொல் மட்டும் கொண்டு அவரை அறிதல் ஒண்ணாது.

தமிழ் பயில்வார்க்கு இவ்வழக்கு புதிதன்று. மணிமேகலையில் விழாவறை காதையில், இந்திரவிழாவை முரசறைந்து அறிவிப்போன், பல சமயத்து வாதியரையும் பட்டிமண்டபத்தின் முறையறிந்து அதன்கண் ஏறுமாறு அழைக்கின்றான். தமக்கு ஒவ்வாத மாற்றாரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறும் கூறுகின்றான். அழைப்பும் கட்டுப்பாடும் ஒரே வாயினின்று ஒருங்கே பிறத்தலை உற்று நோக்குக. புகார் நகர் மாற்றார்க்கு மேடை மறுத்திலது. மேடைக்கு ஒரு முறைமை உண்டென்று அறைவித்தது. இனி, நாவற்கிளை நட்டு வாதுக்கு அழைத்தலும், நட்ட கிளையை வாதத்தில் வென்று வீழ்த்தலும் குண்டலகேசி வரலாற்றில் வருவன. அவளைப் பௌத்தர் போற்ற, நீலகேசி என்னும் சமண நூல் எழுந்து மறுத்தது. நூலை நூலால் மறுத்தமையாலன்றோ இருவர் கருத்தையும் இன்று ஓரளவேனும் நாம் அறிகின்றோம்! குண்டலகேசி முழுதும் கிடைத்திலது; கிடைத்த பாடல்களுட் பலவும் அதனை மறுக்க வந்த நீலகேசியின் உரைகாரர் முதலியோர் எடுத்தாண்டவற்றால் எஞ்சியவை என்பது ஒரு சுவையான செய்தி.

மிஷன் கலாசாலையில் பயிலும் நாம் நம் வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் எபேசு நகரில் திறன்னு என்பானது கலாமண்டபத்தில் இரண்டாண்டு நாடோறும் வாதித்த செய்தி உள்ளது. அந்நகரத்தார் நோக்கில் அவரினும் தீவிரர் யாவர்? அவர் கொள்கையால் தம் தொழில் கெடும் என்று அஞ்சிய தட்டார் ஊரைத் திரட்டினர். கூட்டம் அரங்கில் இரண்டு மணிநேரம் கூவிற்று. வழக்கிருப்பின் நியாயமன்றம் திறந்துள்ளது என்று நகரச் செயலர் அமர்த்தி அனுப்பினார். நாம் அவ்வரலாற்றைப் படிக்குங்கால் எப்பொழுதும் பவுலின் பக்கமே அமர்ந்து படிக்கின்றோம். ஒருமுறை அச்செயலர் பக்கம் அமர்ந்து படித்துப் பார்க்கலாம். நம் பேரவைச் செயலர்க்கு வாய்த்துள்ள நாற்காலி அவருடையதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் அச்சகங்கள் வெளியிட்ட துண்டு வெளியீடுகள் சில சைவரைப் பழித்த வகை இன்று நமக்கு நாணம் தருவது. யாழ்ப்பாணத்து வெசுலியன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பெர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலரே பின்னர்ச் சைவ தூஷண பரிகாரம் எழுதி விடையிறுத்தார். அவர் பெற்ற பயிற்சி மிஷன் தந்தது. அப்பயிற்சி மிஷனை நோக்கியே திரும்பியது. அதனால் தமிழ் உரைநடைக்கு விளைந்த ஆக்கத்தை எண்ணுங்கால், அந்தப் பள்ளி அவரைப் பயிற்றியமைக்கு இரங்குவார் யார்? நம்மை மறுப்போரைக் கண்டு அஞ்சுதற்கு நம் மரபில் இடமில்லை.

இனி, இவ்வாராய்ச்சிக்கு நடுநாயகமாக நாம் கொள்வது 1943ஆம் ஆண்டு நிகழ்ச்சி. கம்ப ராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் தீயிலிடல் வேண்டும் என்னும் கிளர்ச்சி அந்நாளில் சுயமரியாதை இயக்கத்தாரிடையே மூண்டிருந்தது. நூலை எரிப்போம் என்பதினும் தீவிரமான கொள்கையைத் தமிழ் மாணாக்கன் எண்ணவும் இயலாது. அக்கொள்கையினரைச் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்திற்கு அழைத்தனர். பிப்ரவரித் திங்களில் அங்கே சி. என். அண்ணாதுரை ஒரு பக்கமும், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை எதிர்ப்பக்கமும் நின்று வாதிட்டனர். அடுத்த திங்கள் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் எதிர்வாதியாய் நின்றார். இவ்விரு வாதங்களும் பின்னர்த் தீ பரவட்டும் என்னும் பெயரால் நூலாயின.

அண்ணாதுரைக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. சேதுப்பிள்ளையோ சட்டமும் பயின்று, தமிழைச் செவிக்கினிய அடுக்குமொழியில் பொழியும் பெருநாவலர். பாரதியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கியவர். அத்துடன் இந்தித் திணிப்பை எதிர்த்ததில் அண்ணாதுரையொடு ஒருங்கு நின்றவர். இவர்கள் இளைஞனொருவனோடு, அதுவும் எரிக்க வந்தவனோடு, சமமாக மேடையேறுவதா என மறுத்திருக்கலாம். அவ்வாறு மறுத்திருப்பின் அன்று யாரும் குறை கூறியிரார். ஆனால் ஏறினர். எரிக்க வேண்டும் என்றவர் தம் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்க வேண்டியவராயினார். கலையை வெறுத்தல் தம் கருத்தன்று, கலையின் வாயிலாகப் புகும் ஆரிய மேலாட்சியையே சாடுவதாக விளக்கினார். காக்க வேண்டும் என்றவரும் கம்பனைக் கையெடுத்துத் தொழுதுவிட்டு அமர்தல் போதாது, அவனுக்காக வழக்காடுதல் வேண்டும் எனக் கண்டனர். தமிழ் ஆனர்சு வகுப்பில் கம்பனைப் பயிலும் நமக்கு இன்றும் பாடப் புத்தகத்தைவிட அவ்வாதம் பயன்படுகின்றது என்று கூறின் பேராசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

தீ பரவிற்றோ? கால் நூற்றாண்டு கழிந்து, 1968ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, கடற்கரைச் சாலையில் சான்றோர் சிலைகள் நாட்டப்பெற்றன. அவற்றுள் ஒன்று கம்பர் சிலை. நாட்டிய அரசின் முதலமைச்சர் அண்ணாதுரை. வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகிய நம் மிஷன் முன்னோர்க்கும் அதே வரிசையில் சிலை அமைந்தது. இது கொண்டு, 1943இல் அவர் கூறியன யாவும் பொய்த்தன என்றோ, அவர் கொள்கை மாறினார் என்றோ நாம் கூற வரவில்லை. எரித்தே தீர்வோம் என்ற குரலும், காத்தே தீர்வோம் என்ற குரலும் ஒரே மண்டபத்தில் ஒலித்தபின், அவ்விரண்டும் ஒரே நாட்டில் வாழ வழி பிறந்தது என்பதே நாம் கண்டது.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருப்பின் அது இனிய கட்டுரையாகும். ஆனால் உண்மைக்கு முழுதும் பொருந்திய கட்டுரையாகாது. அதே சட்டக் கல்லூரி, டாக்டர் அம்பேத்கர் பெயர் தாங்கியபின், 2008ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வேறொரு காட்சியைக் கண்டது. ஒரு தலைவரின் விழாவையொட்டி அச்சிட்ட சுவரொட்டியில் கல்லூரிப் பெயரினின்று அம்பேத்கர் பெயர் விடப்பட்டது என்னும் பூசல் முற்றி, சாதி வழியாய்ப் பிரிந்த மாணவர் இருசாராரும் தடியும் கத்தியுமாக மோதினர். மரத்தடியில் விழுந்து கிடந்தவரை மேலும் அடித்ததைத் தொலைக்காட்சியில் நாடு கண்டது. காவலர் வாயிலில் நின்று பார்த்திருந்தனர். அன்று மேடையும் இல்லை, எதிர்வாதியும் இல்லை, அவைத்தலைவரும் இல்லை. ஒரு சுவரொட்டியே பேச்சு, தடியே மறுமொழி.

இதனைக் காட்டி, மேடை கொடுத்திருப்பின் தடி எழுந்திராது என்பார் சிலர். நாம் அத்துணை உறுதியாகக் கூறமாட்டோம். 1943இல் தீக்கு இரையாவது என்று பேசப்பட்டது நூல். கம்பன் விடுதியில் அடுத்த அறையில் உறங்குபவன் அல்லன். 2008இல் இலக்காயிருந்தவர் உடன்பயின்ற மனிதர். இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒரே தராசில் இடுதல் பெரும்பிழை. நம் வழக்கின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது என்பது நம் துணிபு.

பிறநாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகரும். செருமனியில் நாசி மாணவர் சங்கம் 1926இல் தோன்றியது. ஐந்தே ஆண்டில், 1931இல், அந்நாட்டு மாணவர் பேரவைகளின் ஒன்றியம் முழுவதும் அதன் கைப்பட்டது. 1933 மே 10ஆம் நாள் பெர்லின் முதலிய பல்கலைக்கழக நகரங்களில் நூல்களைக் குவித்துக் கொளுத்தியது அம்மாணவர் ஒன்றியமே. அரசு கொளுத்திற்று எனப் பலர் எண்ணுவர்; முன்னின்றவர் நம்போன்ற மாணாக்கர். நூல் எரிந்த நாட்டில் சின்னாளில் மக்களும் எரிந்தனர். ஆகவே, தீய கொள்கை தானே மாய்ந்துவிடும், விட்டுவிடுக என்று கமாலியேல் ஆலோசனை கூறியதை எல்லா இடத்தும் ஓதுதல் ஆகாது. மாயுமுன் அது பலரை மாய்த்துவிடக்கூடும். மற்றொன்றும் இங்கே அறியத்தக்கது. மாணவர் பேரவை எப்பொழுதும் தீவிரரைத் தடுக்கும் வாயிற்காவலனாகவே இருக்கும் என்னும் எண்ணம் தவறு. பேரவையே அவர் கைப்படுதலும் உண்டு. பிறர்க்கு மேடை மறுக்கும் அதிகாரத்தை இன்று நாம் ஆக்கி வைப்பின், நாளை அவ்வதிகாரத்தை எடுத்து ஆளப்போகிறவர் யாரோ!

இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. பிரித்தானிய மாணவர் தேசிய ஒன்றியம் 1974இல், நிறவெறிக் கொள்கையினர்க்கும் பாசிசக் கொள்கையினர்க்கும் மேடை இல்லை எனத் தீர்மானித்தது. நோக்கம் நன்றே. ஆனால் மூன்றாண்டு கழிவதற்குள், 1977இல், சில பல்கலைக்கழகங்களில் அதே தீர்மானத்தை யூத மாணவர் சங்கங்களின்மேல் ஏவினர். சயோனியம் நிறவெறியே என்று ஐக்கிய நாடுகள் சபை 1975இல் நிறைவேற்றிய தீர்மானம் அதற்குக் காரணமாகக் காட்டப்பெற்றது. நாசியரின் வழிவந்தோரைத் தடுக்க அடித்த பூட்டு, நாசியரால் துன்புற்றார்தம் பிள்ளைகளின் கதவிலேயே மாட்டப்பட்டது.

எனின், மேடையைத் திறந்தே வைத்த இடத்தில் நிகழ்ந்தது யாது? 2007 நவம்பரில் ஆக்சுபோர்டு யூனியன் என்னும் சொற்போர்க் கழகம், பேச்சுரிமை பற்றிய சொற்போர்க்கென, பிரித்தானியத் தேசியக் கட்சித் தலைவர் நிக் கிரிபினையும், யூதர் படுகொலையை மறுத்தெழுதிய தேவிடு இர்விங்கையும் அழைத்தது. எதிர்ப்பாளர் மண்டபத்துள் புகுந்து அமர்ந்தனர். சொற்போர் காலம் தாழ்ந்து வேறு வேறு அறைகளில் ஒருவாறு நடந்தது. அதனால் யார் என்ன கற்றனர் என்பது நமக்கு விளங்கவில்லை. அழைக்கப்பட்டவர்க்கு உலகமெங்கும் விளம்பரம் கிடைத்தது மட்டும் தெளிவு. அந்த இர்விங்கு தொடுத்த அவதூறு வழக்கை 2000ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றத்தில் முறியடித்த வரலாற்றாசிரியை தெபோரா லிப்சுதாத்து கைக்கொண்ட நெறி நம் உள்ளத்தைக் கவர்ந்தது. அம்மையார் அத்தகையோருடன் மேடையேற எப்பொழுதும் மறுத்தவர். நிகழ்ந்த படுகொலை நிகழ்ந்ததா என்பதனை இருபக்க வாதமாக்கினால், பொய்க்கும் ஒரு நாற்காலி கிடைத்துவிடுகின்றது என்பது அவர் காரணம். எனினும், இர்விங்கை ஆசுதிரியா 2006இல் சிறையிலிட்டபோது அதனையும் அவர் பாராட்டவில்லை. நாம் அவனோடு அமரமாட்டோம் என்பது வேறு. அவன் வாயைக் கட்டுக என்பது வேறு. நம் செயற்குழுவில் மூன்று மாலையும் இவ்விரண்டும் ஒன்றாகவே குழம்பிக் கிடந்தன.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் கூறுதல் வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2014 ஏப்ரல் 14ஆம் நாள், அம்பேத்கர் பிறந்தநாளன்று, அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தோன்றியது. மறு ஆண்டு, பெயரில்லாக் கடிதம் ஒன்று மைய அரசின் மனிதவள அமைச்சகத்திற்குச் சென்றது. அவ்வட்டம் வெறுப்பைப் பரப்புவதாக அக்கடிதம் முறையிட்டது. அமைச்சகம் அதனைக் கழகத்திற்கு அனுப்பிக் கருத்துக் கேட்க, 2015 மே 22ஆம் நாள், வட்டத்தின் ஏற்பிசைவை மாணவர் நல முதல்வர் மின்னஞ்சல் வழியே நீக்கினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. சூன் 7ஆம் நாள் ஏற்பிசைவு திரும்ப வழங்கப்பெற்றது. அவ்வட்டத்தின் கருத்துக்கள் ஒருவர்க்கு உவப்பாகலாம், மற்றவர்க்குக் கசப்பாகலாம். நாம் நோக்குவது முறையை. முகமில்லாதான் ஒருவன் எழுதினான். அவன் குற்றச்சாட்டு அவையில் வாசிக்கப்பெறவில்லை. விளக்கம் கேட்டபின் தீர்ப்பு என்னும் ஒழுங்கு தலைகீழாயிற்று. மறுக்கும் அதிகாரம் மேலிருந்து மறைவாக இயங்கின் இவ்வாறே முடியும். நமக்கு வேண்டாதவர்மேல் அது இயங்குங்கால் கைதட்டுவோர், நம்மேல் இயங்குங்கால் எவரிடம் போய் முறையிடுவர்?

சட்டம் கூறுவதனைச் சுருங்கச் சொல்வாம். அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு பேச்சுரிமையைத் தந்து, பொது ஒழுங்கு முதலியன கருதி நியாயமான வரம்பும் விதிக்கின்றது. ஒரே ஒரு கிராமத்திலே என்னும் தமிழ்ப்படம் பற்றிய வழக்கில், 1989இல், கலகம் செய்வோம் என்று சிலர் மிரட்டுவதனால் பேச்சை அடக்கலாகாது என்றும், பேச்சுக்கும் கேட்டிற்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துக்கும் தீப்பொறிக்கும் உள்ளதுபோல் நெருங்கியிருத்தல் வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் கூறிற்று. 2015இல் சிரேயா சிங்கால் வழக்கில், ஆராய்தலும் பரிந்து பேசுதலும் வேறு, தூண்டிவிடுதல் வேறு எனப் பிரித்துக் காட்டிற்று. சட்டத்தால் தடைசெய்யப்பெற்ற அமைப்புக்கள் நம் வழக்கினுள் வாரா. அவற்றிற்கு மேடை தரப் பேரவைக்கு உரிமையே இல்லை. மாணவர் தேர்தல் பற்றிய லிங்தோ குழு 2006இல் வகுத்த நெறிகள், சாதி மதங்களிடையே வெறுப்பை வளர்க்கும் செயலை வேட்பாளர்க்கு விலக்கியுள்ளன. சட்டம் இவ்வளவு தூரம் நம்மைக் கைபிடித்து அழைத்துவந்து, வாயிலில் நிறுத்திவிட்டுப் போகின்றது. சட்டம் தடுக்காத ஒருவரைப் பேரவை அழைக்கலாமா என்பதனை நாமே முடிவு செய்தல் வேண்டும்.

நம் கருத்து இது. குழுவின் பெயர் கண்டு மறுத்தல் தகாது. கடவுள் இல்லை என்போரும், நம் சமயம் அந்நியச் சமயம் என்போரும், இட ஒதுக்கீடு கூடாது என்போரும், அரசமைப்பையே மாற்றவேண்டும் என்போரும் வரலாம். அவர் பேச்சு நமக்கு நோவு தரலாம். நோவு மறுத்தற்குப் போதிய காரணமாகாது. அவ்வளவுக்கே மறுப்போமாயின் 1943இல் தமிழ்ப்பேராசிரியர் வாயிலில் மறியல் செய்திருப்பார். ஆனால், அவையில் இருக்கும் மாணாக்கருள் ஒருசாராரைக் காட்டி, இவர் உம்மொடு உண்ணத் தகார், உம் பெண்களைப் பாரற்க, இவர்க்குப் பாடம் புகட்டுக என்று பேசும் வழக்கமுடையவர்க்கு மேடை தருதல் ஒவ்வாது. அது கருத்தை ஆராய்தலன்று, ஆளைக் குறிவைத்தல். அதற்கு எதிர்வாதி எவன் ஆவான்? குறிவைக்கப்பட்டவனே எழுந்து, யானும் மனிதன் என்று பத்து நிமிடத்தில் நிறுவிக்காட்ட வேண்டுமோ? அன்றிரவு அவன் அதே விடுதிக்கன்றோ உறங்கச் செல்லவேண்டும்!

2023 ஆகத்தில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன்பயின்றோரே வீடு புகுந்து வெட்டிய பின்னர், அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 சூனில் தந்த அறிக்கையில், சாதி காட்டும் கயிறும் மோதிரமும் நெற்றிக்குறியும் பள்ளியில் கூடா என அவர் பரிந்துரைத்தார். கயிற்றைப் பள்ளி வாயிலில் அறுத்துவிட்டு, கயிறு கட்டச் சொல்பவர்க்குக் கலாசாலையில் மாலை சூட்டுவது பொருந்துமா என எண்ணிப் பார்க்க.

ஒருவர் அத்தகையவரா என்பதனை எவ்வாறு அறிவது எனின், அவர் முன்னர்ப் பேசியதைக் கொண்டே அறியலாம். இக்காலத்துப் பேச்செல்லாம் கைப்பேசியில் பதிவாகிக் கிடக்கின்றது. தேடுதற்கு அரைநாள் போதும். அழைக்க விரும்புவோரும் எதிர்ப்போரும் தத்தம் பெயரிட்டு எழுதித் தருதல் வேண்டும். பெயரில்லாத் தாளைச் செயற்குழு தொடவும் வேண்டா. மறுப்பதாயின் காரணத்தை எழுதி அறிவிப்புப் பலகையில் இடுதல் வேண்டும். நாளை மற்றொருவர்க்கு மறுக்குங்கால் அக்காரணமே அளவுகோலாக நிற்கும். நம் விருப்பு வெறுப்பு அதன்பின் ஒளிந்துகொள்ள இயலாது. அழைப்பதாயின் எதிர்வாதி ஒருவரும், நடுநிலையுடைய அவைத்தலைவர் ஒருவரும், வினாவுக்கு அரைமணியும் இன்றியமையாதன. தனியே வந்து, தனியே பேசி, மாலையிட்டுக்கொண்டு செல்வதற்கு நம் மண்டபம் கல்யாண மண்டபம் அன்று.

இவ்வாறு செய்யின் மறுக்கப்பட்டவர் வெளியே சென்று பேசி, தம்மை வீரராக ஆக்கிக்கொள்வாரே என்னும் தடை உண்டு. மெய்யே, சில வேளை அவ்வாறு நிகழும். நம் பழைய தோழனைக் கயிறு கட்டவைத்த கூட்டமும் எந்தப் பள்ளி மண்டபத்திலும் நடந்ததன்று. ஊர்ப்புறத்துத் தோப்பில் நடந்தது. நாம் கதவை அடைப்பதனால் தோப்புக் காலியாகாது. ஆதலின், அழைக்க விண்ணப்பித்த மாணாக்கரையே மேடைக்கு அழைத்தல் வேண்டும் என்பது நம் எண்ணம். வெளியூர்ப் பேச்சாளர்க்கு மறுத்த அதே கிழமையில், அவரை விரும்பிய நம் தோழர் தம் குறையை, வேலையின்மையோ, மரபுப் பெருமை மறக்கப்பட்டது என்னும் ஆற்றாமையோ, எதுவாயினும், நம் அவையில் எழுந்து கூறட்டும். அவர் நம்மவர்; நாளையும் நம்மொடு வகுப்பில் இருப்பவர்; தாம் சொன்னதற்கு மறுநாள் விடை கேட்கக் கூடியவர். சென்ற பருவத்தில் அவர்களை ஒருவரும் எதற்காக அழைக்கிறீர் என்று கேட்டிலோம். அழைக்காதே என்றோம், அல்லது அழைத்துத் தொலை என்றோம். நாமும் அக்குற்றத்தில் பங்குடையோம்.

மேற்கூறியவற்றை நான்கு விதிகளாக எழுதி, கலாசாலை திறந்தவுடன் கூடும் முதற் செயற்குழுவின்முன் வைக்க எண்ணியுள்ளோம். மாற்றுக் கருத்துடையோர், அப்பேச்சாளரை அழைக்க விண்ணப்பித்த நண்பர்கள் உட்பட, தம் மறுப்பைப் பெயரிட்டு எழுதிப் பேரவைச் செயலரிடம் தருவாராயின், அவையும் விதிகளோடு ஒருங்கே வாசிக்கப்பெறும்.